நடு வீட்டுக்காரி

கரமனை,
3 ஜூன் 2024

பொன்னு,

போனில் கிடைக்காத ஆளுக்குக் கடிதம்தான் வழி. உன் எண்ணை அழைத்தால் பாதி நேரம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது, மீதி நேரம் நீயே வெட்டிவிடுகிறாய். போனக்காட்டில் சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே வளைவு வரை நடந்துபோய் என் அழைப்பை வெட்டுகிறாய் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. உங்கள் எஸ்டேட் பஸ் கண்டக்டர் யூசுப் இக்காவிடம் தம்பானூரில் இதைக் கொடுக்கிறேன். டீக்கடையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? கட்டு எப்போது பிரிப்பார்கள்? நீ என்னிடம் சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போன மறுநாளே எஸ்டேட் லயத்தில் நீங்கள் இருந்த மூன்றாம் வரிசை வீடுகள் மழையில் சரிந்து, அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இப்போது நீ கோபத்தில் வராமல் இருக்கிறாயா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் வராமல் இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நமக்கு ஆஸ்பத்திரிக் கட்டட வரைபட வேலை தருகிற கழக்கூட்டம் ஆபீஸ் ஒரு குண்டைப் போட்டிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து கோடு போட்ட படம் எதுவும் வேண்டாமாம். சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டுகிற புதிய மென்பொருளில்தான் தரவேண்டும். இருபதாம் தேதிக்குள் ஒரு மாடியை அதில் செய்து மாதிரிக்கு அனுப்பவேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். வேலை போனால் எங்கள் வீட்டு மாடி அறையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து என்ன செய்வது?

மென்பொருள் பூதம் மாதிரி இருக்கிறது. நம் லேப்டாப்பின் சி டிரைவில் இருக்கிற காலி இடம் அதன் ஒரு காலை வைக்கக்கூடப் போதாது. குப்பைக்கூடையைக் காலி செய்தேன், பழைய அப்டேட்டுகளை விரட்டினேன், நீ ஏற்றிய கேரம் விளையாட்டையும் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள். அப்படியும் போதவில்லை. சரி, என்னுடைய ஈ டிரைவ் பாதிக்கு மேல் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே போய் உட்கார் என்று வழி காட்டினேன். மரியாதையாகச் சரி என்றது. பிறகு சம்பந்தி வீட்டார் மாதிரி, சத்திரத்தில் தங்குகிறோம் என்று சொல்லிவிட்டு மூட்டை முடிச்சையெல்லாம் சி-யில் கொண்டுவந்து இறக்கியது. முக்கால்வாசி ஏறியபின் இடமில்லை என்று நின்றுவிட்டது.

ஆரியசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிஜியிடம் எடுத்துக்கொண்டு போனேன். இந்த மாடலில் டிஸ்க்கைப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்டார்களாம், பெரியதாக மாற்ற வழியில்லை. அப்படியானால் என் ஈ-யிலிருந்து கொஞ்சம் வெட்டி சி-யோடு சேர்த்துக்கொடு என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினான். "பற்றில்ல சேச்சி. நடுவில் ஆளுண்டு" என்றான்.

நடுவில் இருக்கிற ஆள் நீதான். டிஸ்க்கில் முதலில் சி, அதை ஒட்டி உன் டி, கடைசியில் என் ஈ. சி-யின் சுவர் உன் டி-யோடு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. எங்கள் அக்ரகாரத்து வீடு மாதிரிதான். தெருக் கோடியில் எவ்வளவு காலி மனை கிடந்தாலும் அடுத்த வீட்டு ஹரிநாராயணன் மாமா மனசு வைக்காமல் அப்பாவால் ஒரு குளியலறைகூட நீட்ட முடியாது. அந்தச் சுவரைப் பார்த்து அவர் விடுகிற பெருமூச்சு உனக்கே தெரியும். நடுவில் இருப்பதை நகர்த்துகிற மென்பொருளெல்லாம் இருக்கிறதாம், ஆனால் பூட்டியதை அவை தொடாது.

வழி ஒன்றுதான். உன் டி-யில் இருப்பதையெல்லாம் என் ஈ-க்கு மாற்றிவிட்டு, டி-யை எடுத்து சி-யோடு சேர்ப்பது. நீ டி-யைப் பூட்டி வைத்திருக்கிறாய். பாஸ்வேர்டு கொடு. ஒரு போட்டோகூடக் குறையாமல் மாற்றிவிடுகிறேன்.

ஸ்ரீ


போனக்காடு,
7 ஜூன் 2024

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும். முதல் வரிசையில் ஒரு வீடு காலியாக இருந்தது, அங்கே வந்துவிட்டோம். கேட்டதற்கு நன்றி.

பாஸ்வேர்டு தரமாட்டேன்.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். "இத்தனை லயத்துப் போட்டோவும் யாருக்கு, குப்பையைப் போய்ப் பூட்டி வெச்சிருக்கியே" என்றாய். குப்பைக்கூடையைக் காலி செய்தேன் என்று இப்போது எழுதுகிறாய். குப்பை எது என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும், அதனால் உன் கையில் சாவியைத் தர எனக்கு மனசு வரவில்லை. நீ பார்க்கவே பார்க்காத உன் கல்யாண வீடியோவுக்கு இடம் இருக்கும்போது என் லயத்துக்கு இருக்கக்கூடாதா என்று நானும் திருப்பிக் கேட்டேன். அது நல்ல வார்த்தை இல்லை. ஆனால் ஆரம்பித்தது நீ.

அந்தப் படங்களை நான் வேடிக்கைக்கு எடுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் உன்னோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவையாவது பயன்படுத்தவேண்டும் என்றுதான் வரிசை வரிசையாக அளக்கத் தொடங்கினேன். சுவர் எங்கே விரிந்திருக்கிறது, கூரைச் சட்டம் எங்கே உளுத்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் படமும் வரைபடமும் இருக்கிறது. சம்பளம் வராத வேலை என்றால் உனக்கு அது வேலை இல்லை.

டிஸ்க்கைப் பிரிக்கும்போது நீ சீட்டுக் குலுக்கலாம் என்றாய். நடுவில் உள்ளதைத் தா என்று நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. லயத்தில் நடு வீடுதான் நல்ல வீடு. ஓர வீட்டுச் சுவரில் காட்டுமாடு வந்து முதுகைத் தேய்க்கும், குளிர்காற்று நேராக அடிக்கும். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். அந்தப் புத்தியில் கேட்டுவிட்டேன். நடுவில் இருப்பவளைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள் என்று அப்போது தெரியவில்லை.

நாம் சேர்ந்து வரைந்த எல்லாப் படத்தின் மூலையிலும் பெயர்க்கட்டம் இருக்கிறது. வரைந்தவர் ஸ்ரீலக்ஷ்மி, சரிபார்த்தவர் ஸ்ரீலக்ஷ்மி. ஆஸ்பத்திரியின் கழிவுநீர்க் குழாய் முழுக்க நான் போட்டது. அந்தக் கட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன்?

அழிக்கவேண்டும் என்றால் அழி. பூட்டின வீட்டைத் திறக்கத்தான் சாவி வேண்டும், இடிக்கச் சாவி வேண்டாம். பிஜி அதையும் சொல்லியிருப்பான்.

பொன்செல்வி


கரமனை,
10 ஜூன் 2024

பொன்னு,

முழுப்பெயரில் எழுதினாலும் நான் பொன்னு என்றுதான் எழுதுவேன்.

பிஜி சொன்னான். "ஒரு க்ளிக் மதி சேச்சி" என்றான், அழிக்க ஒரே ஒரு க்ளிக் போதுமாம். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். "அந்தப் பொண்ணு போன் எடுக்க மாட்டேங்கறா, பாஸ்வேர்டு தரமாட்டேங்கறா, நீ என்ன பண்ணுவே? அழிச்சுட்டு வேலையைப் பாரு" என்று காலையில் காப்பியோடு ஒரு தடவை, ஆபீஸ் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தடவை. நான் அழிக்கவில்லை. அழிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் இல்லை. இன்னும் அழிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த என்னை இந்தத் தெருவில் எல்லாரும் பாவம் என்று பார்த்தபோது, மாடி அறையில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் நான் படியேறினேன்.

பெயர்க்கட்டம் பற்றி எழுதியிருந்தாய். அந்த ஆபீஸில் பதிந்திருப்பது என் பெயர். பணம் என் கணக்குக்கு வருகிறது, பாதியை உனக்கு மாற்றுகிறேன். பழைய படத்தை நகல் எடுத்துப் புதியது தொடங்குவதால் அந்தக் கட்டமும் அப்படியே கூட வந்துகொண்டிருக்கிறது. நீ கேட்டிருந்தால் போட்டிருப்பேன். இப்படி எழுதியபிறகு வாசித்துப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது, ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன்.

அந்த வீடியோ விஷயம். நீ சொன்னது சரியாகப் போய்த் தைத்தது. புருஷன் என்று சாயோடு நான் இருந்த காலத்தைவிட அந்தக் கல்யாண ஆல்பம் செய்ய எடுத்துக்கொண்ட காலம் அதிகம் என்று நானே உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் சிரித்துச் சொல்லலாம், நீ சொன்னபோது தாங்கமுடியவில்லை. நான் அதைத் திறப்பதில்லை என்பது உண்மை. அம்மா எப்போதாவது மாடிக்கு வந்து துணியை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் இருக்கோன்னோ, அழிச்சுடலியே?" என்று கேட்பாள். இருக்கு என்பேன். அவளுக்கு அது போதும், கீழே போய்விடுவாள். அம்மா இன்னும் சாயின் பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்கிறாள் என்று உனக்குத் தெரியுமோ?

ஆகவே ஈ-யில் நான் வைத்திருப்பதும் குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குப்பையின் பக்கத்தில் உன் பொருளைக் கொண்டுவந்து பத்திரமாக வைக்க இடம் இருக்கிறது. ஈ வேண்டாம் என்றால் சொல், தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி அதில் மாற்றி உனக்கே அனுப்புகிறேன். அதற்கும் பாஸ்வேர்டு வேண்டும்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை. அதற்குள் பதில் போடு.

ஸ்ரீ


போனக்காடு,
15 ஜூன் 2024

ஸ்ரீ,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாளாக யோசித்தேன். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அந்தப் பிள்ளகிட்ட என்ன வீம்பு? அதுவும் புருசன் வீட்டுல இருந்து வந்து நிக்கிற பிள்ள" என்றாள். உன் பக்கம்தான் பேசுகிறாள். நீ அவளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்ததை மறக்கவில்லை.

கேட்டிருந்தால் போட்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்க எனக்கு வாய் வரவில்லை ஸ்ரீ. உன் வீட்டு மாடி, உங்கள் கரண்டு, உன் அம்மா தருகிற காப்பி. இத்தனையும் வாங்கிக்கொண்டு மூலையில் என் பெயரும் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேட்காமலே போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கும் டி வேண்டியிருக்கிறது. வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விழுந்த வீடுகளுக்கு உதவி கிடைக்கவேண்டும் என்றால், விழுவதற்கு முன் வீடு எப்படி இருந்தது, எத்தனை அறை, என்ன நீளம் அகலம் என்று வரைபடம் வேண்டுமாம். மூன்றாம் வரிசையில் இப்போது அளப்பதற்கு மண்ணும் ஓட்டுச் சில்லும்தான் இருக்கிறது. அந்த வரிசை நின்ற அளவு உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, உன் மாடி அறையில், என் டி-க்குள்.

தனித் தாளில் பாஸ்வேர்டு எழுதி வைத்திருக்கிறேன். திற. எல்லாவற்றையும் உன் ஈ-க்கு மாற்று. மாற்றியபிறகு நாலைந்து படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பின் டி-யை எடு. 'மூன்றாம் வரிசை' என்று ஒரு வரைபடம் இருக்கும், அதைப் பெரிய தாளில் இரண்டு பிரதி எடுத்து யூசுப் இக்காவிடம் கொடுத்தனுப்பு.

மழை விடாமல் அடிக்கிறது. பஸ் நேற்றும் வரவில்லை. வந்ததும் கொடுத்துவிடுகிறேன்.

பொன்னு


போனக்காடு,
22 ஜூன் 2024

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

போன வாரம் எழுதிய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். வழியில் மரம் விழுந்து இத்தனை நாளாகப் பஸ் மேலே வரவில்லை. கடிதம் டீக்கடை மேஜையிலேயே கிடந்தது. சிக்னல் கிடைக்கிற வளைவுக்குப் போகும் பாதையும் அடைத்துக்கொண்டதால் போனும் செய்ய முடியவில்லை. இனி அது உனக்குத் தேவையில்லை. ஆனாலும் வாசி.

இன்றைக்குத்தான் முதல் பஸ் வந்தது. யூசுப் இக்காவிடம் ஓடினேன். அவர் சந்தோஷமாகச் சொல்கிறார், "கரமனை சேச்சி வியாழாழ்ச்ச டிப்போயில் வந்நு கேட்டோ. கடிதம் உண்டோ என்னு சோதிச்சு. சாதனம் கேறி, பணி கொடுத்து என்னு பறஞ்ஞு" என்று. நீ டிப்போவில் வந்து கடிதம் கேட்டாயாம், மென்பொருள் ஏறிவிட்டது, வேலையும் கொடுத்தாயிற்று என்றாயாம். நல்ல செய்தி கொண்டுவந்தோம் என்று நினைத்து என்னிடம் சிரிக்கிறார்.

சாவி இங்கே டீக்கடை மேஜையில் கிடக்கும்போது உன் வேலை முடிந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும். நானும் அந்த லேப்டாப்பில்தான் வேலை செய்தேன். ஒரு க்ளிக் மதி.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. நான்தானே அழி என்று எழுதினேன். நீ அழிக்கமாட்டாய் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அந்த நம்பிக்கை எனக்கு இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாம் வரிசையில் ஆறு குடும்பம். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலப்பன் மாமா வீட்டில் கூரைச் சட்டத்தை அளக்கும்போது அவர் என்னைத் தோளில் ஏற்றி நிற்கவைத்தார். "படம் வருதாம்மா?" என்று தினமும் கேட்கிறார். நான் அவரிடம் என்ன சொல்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன. அந்தப் படத்தின் மூலையிலும் பெயர்க்கட்டம் போட்டிருந்தேன். அளந்து வரைந்தவர் பொன்செல்வி. நாடா பிடித்தவர் ஸ்ரீலக்ஷ்மி. நீ வந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலில் அட்டை ஏறியதும் நாடாவை விட்டுவிட்டு ரோடு வரைக்கும் ஓடினாய், வரிசை முழுக்க வெளியே வந்து நின்று சிரித்தது. ஆனாலும் திரும்பி வந்து பிடித்தாய். பிடித்தவள் பெயரைப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, போட்டேன். நீ ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொன்செல்வி


கரமனை,
24 ஜூன் 2024

பொன்னு,

டி அப்படியே இருக்கிறது.

இதை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். உன் இரண்டு கடிதமும் காலையில் ஒரே கவரில் வந்தன. அவசரத்தில் நீ கடைசியாக எழுதியதை முதலில் வாசித்துவிட்டேன். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா கீழே இருந்து, "என்னடீ, வேலை போயிடுத்தா?" என்றார். உன்னைப் போனில் கூப்பிட்டேன், வழக்கம்போல எல்லைக்கு வெளியே. ஆகவே இன்று மத்தியான பஸ்ஸுக்கே இதைக் கொடுக்கிறேன்.

நடந்தது இதுதான். பதினெட்டாம் தேதி வரை உன் பதிலுக்காகத் தினமும் டிப்போவுக்குப் போனேன். மரம் விழுந்த விஷயம் சொன்னார்கள். அன்று காலை அப்பா சுவரைப் பார்த்து வழக்கமான பெருமூச்சை விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு இடம் வேண்டுமென்றால் தெருக் கோடியில் கிடக்கிற மனையில் புதிதாக வீட்டைக் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே, ஏன் அந்த மனுஷர் சுவரையே முறைக்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டு அப்படியே நின்றேன். வீட்டை நீட்டுவதைப் பற்றியே நானும் பிஜியும் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டையே மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிஜிக்குப் போன் செய்தேன். கடைசியில் இருக்கிற ஈ-யை முழுக்கத் துடைத்து, அங்கேயே புதிதாக ஒரு விண்டோஸ் போட்டு, அதன் மேல் இந்தப் பூதத்தை ஏற்றினால் என்ன? அவன் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு, "அது நடக்கும்" என்றான். பழைய சி இருந்த இடத்தில் இருக்கும், நடுவில் உன் டி பூட்டியபடியே இருக்கும், அந்தப் பக்கம் என் புது வீடு. ஆனால் ஈ-யில் ஒன்றும் மிஞ்சாது.

நம் வேலைப் படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். கல்யாண வீடியோ பெரியது, அதற்குப் பென் டிரைவ் போதாது. கடைக்குப் போய் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்திருக்கலாம், ஆரியசாலை எவ்வளவு தூரம். வாங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை திறந்தேன். நான் மாலையோடு தலை குனிந்து நிற்கிறேன், பின்னால் நீ, சிவப்புப் புடவையில், என் முந்தானை தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முகூர்த்தம் முழுக்க நீ பிடித்துக்கொண்டே நிற்கிறாய். அதைப் பார்த்தபோதுதான் கை கொஞ்சம் தயங்கியது. சாயைப் பார்த்துத் தயங்கவில்லை.

அழித்ததும் கீழே போய் அம்மாவிடம் சொன்னேன். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. அம்மா தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல் புகையத் தொடங்கியது. "உனக்கு இன்னும் ரெண்டு வார்க்கட்டுமா?" என்றாள். வார்த்தாள். அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வந்து எதையும் கேட்கவில்லை.

புதிய விண்டோஸ் போடும்போது ஒரு கண்டம் வந்தது. அந்தத் திரையில் டி, ஈ என்ற எழுத்தே வரவில்லை. வெறும் எண்கள்தான். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே அளவு, நாம்தானே சமமாகப் பிரித்தோம். தவறானதைத் தொட்டால் உன் லயம் முழுக்கப் போய்விடும். நடுவில் இருப்பது பொன்னு, நடுவில் இருப்பது பொன்னு என்று சொல்லிக்கொண்டே கடைசி வரியைத் தேர்ந்தேன். நீ ஏன் நடுவைக் கேட்டாய் என்று நீ எழுதியிருக்காவிட்டால் எனக்கு அவ்வளவு உறுதியாக நினைவிருந்திருக்காது.

பூதம் ஏறிவிட்டது. மாதிரி மாடியை வியாழக்கிழமை அனுப்பிவிட்டு டிப்போவில் யூசுப் இக்காவிடமும் சொன்னேன். ஆபீஸுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மாதிரியின் மூலையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது பொன்னு. உன் கடிதத்தை வாசித்துக் கூசிப்போனவள்தான், அவசரத்தில் பழைய கட்டத்தையே மறுபடி நகல் எடுத்தேன். அது போனது போனதுதான். இன்று உட்கார்ந்து புதிய கட்டம் வரைந்தேன். அதில் உன் பெயர் முதலில் இருக்கிறது. இனி நகல் எடுத்தால் அதுதான் கூட வரும்.

உன் தாளில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு டி-யைத் திறந்தேன். மூன்றாம் வரிசையை மட்டும்தான் தேடி எடுத்தேன், வேறு எதையும் பார்க்கவில்லை. என்ன ஒரு படம் அது. சுவர்ப் பிளவு ஒவ்வொன்றுக்கும் குறிப்பு, வேலப்பன் மாமா வீட்டுக் கூரைச் சட்டம், உன் அம்மா தண்ணீர்க் குடம் வைக்கிற மேடைகூட அளவோடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நாம் வரைந்ததில் ஒன்றுகூட இத்தனை நன்றாக இல்லை. இதைப் போய்க் குப்பை என்றேன். மூலையில் என் பெயரைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, அதிலும் பாதி நேரம் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, நீ இடம் கொடுத்திருக்கிறாய்.

இரண்டு பிரதி கேட்டாய், நான்கு எடுத்திருக்கிறேன். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு யூசுப் இக்காவிடம் தருகிறேன். வேலப்பன் மாமாவிடம் படம் வந்துவிட்டது என்று சொல்.

டி-யை மறுபடி பூட்டிவிட்டேன். பாஸ்வேர்டு எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

ஸ்ரீ


போனக்காடு,
29 ஜூன் 2024

ஸ்ரீ,

குழாய் நனையாமல் வந்து சேர்ந்தது. முதல் நாள் யூசுப் இக்கா அதைச் சீட்டுக்கடியில் வைத்து மறந்து, மறுநாள் கொண்டுவந்தார். அந்த ஒரு நாளில் நான் எட்டுத் தடவை டீக்கடைக்குப் போய்வந்தேன், டீக்கடைக்காரருக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

உன் கடிதத்தின் முதல் வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான்தான் சொன்னேம்லா" என்றாள். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் சரி.

தப்பாக நினைத்து எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தை நீ வைத்திருக்கவேண்டாம், கிழித்துப் போடு. வீடியோ விஷயத்தை இரண்டு தடவை வாசித்தேன். முந்தானையை நான் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அன்றைக்குக் கை வலித்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

வில்லேஜ் ஆபீசில் படத்தை மேஜை மேல் விரித்தோம். அந்த ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக விரல் வைத்துப் பார்த்தார். ஆறு வீட்டையும் எழுதிக்கொண்டார். மூலையில் உன் பெயரைப் பார்த்ததும், "ஆராணு ஈ ஸ்ரீலக்ஷ்மி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேலப்பன் மாமா, "அது நம்ம அட்டைக்குப் பயந்த பிள்ள" என்றார். ஆபீசருக்குப் புரியவில்லை, நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

மற்ற வரிசைகளுக்கும் படம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், விழுவதற்கு முன்னாலேயே பழுது பார்க்கலாமாம். நான்காம் வரிசையும் ஐந்தாம் வரிசையும் நான் இன்னும் அளக்கவில்லை. அம்மா எழுந்து நடக்க நாளாகும், அதுவரை என்னால் கரமனைக்கு வரமுடியாது. அளக்கும் நாடாவுக்கு இரண்டு முனை இருக்கிறது. தனியாகப் பிடித்துப் பார்த்தேன், நடுவில் தொய்கிறது, அளவு தப்பாக வருகிறது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. லேப்டாப்பையும் கொண்டுவா, டி-யில் இடம் இருக்கிறது. அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.

பொன்னு